மத்திய வங்கியும் முட்டை விலையும்

வங்கித் தேர்வுப் பயிற்சித் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: தான் தேறாத தேர்வில் எப்படித் தேறுவது என்று சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் அங்கே சம்பளம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், நாமக்கல்லில் அப்படியொரு மையத்தில் சேர்ந்தேன். "மூணு மாசம் பாக்கலாங்க, சரிப்பட்டா நிரந்தரம்" என்றார் உரிமையாளர்.

எதுக்கு அந்த வங்கி?

எனக்குக் கொடுத்த பாடம், பல நாட்டு மத்திய வங்கிகளின் பணிகள். அம்மாவோ, மகன் மத்திய வங்கியிலேயே வேலை பார்ப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் ராசிபுரத்தில் பஸ் ஏறியதும் பக்கத்து வீட்டு மாமா நகைக்கடனுக்குச் சிபாரிசு கேட்டார். நான் அங்கே வேலை பார்க்கவில்லை, அதுவும் மக்களுக்குக் கடன் கொடுக்காது, வங்கிகளுக்கெல்லாம் அதுதான் வங்கி என்று ஆண்டகளூர் கேட் வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மாமா சொன்னார்: "நமக்குக் கடன் குடுக்காத வங்கியப் பத்தி நீ எதுக்கு சாமி இத்தனை கவலப்படறே?"

பனாமா

அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியோடு வேலைவாய்ப்பையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் வட்டியை விட்டுவிட்டு நாணய மாற்று மதிப்பைப் பிடித்து விலைவாசியை அடக்குவார்கள். இதையெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். வகுப்பு தூங்கியது. எழுப்புவதற்காக, "பனாமாவில் மத்திய வங்கியே கிடையாது, அமெரிக்க டாலரை வைத்தே காலம் தள்ளுகிறார்கள்" என்றேன். கோழிப்பண்ணைக்காரர் மகள் கவிதா நிமிர்ந்தாள். "அப்ப அந்த ஊர்ல உங்களுக்கு வேலையே இல்லீங்களா சார்?"

முட்டை விலை

மூன்றாம் மாதக் கடைசியில் உரிமையாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என் வேலை நிலைக்குமா இல்லையா என்பது அன்று முடிவாகும். அதற்காகவே உள்ளூர் உதாரணம் ஒன்றைத் தயாரித்திருந்தேன். "நாமக்கல்லில் முட்டை விலையை அறிவித்ததும் அதே விலைக்கு எல்லாரும் வாங்குகிறார்கள் இல்லையா? அதுபோல மத்திய வங்கி வட்டியை அறிவித்தால் எல்லா வங்கிகளும் அப்படியே மாற்றிவிடும்."

வகுப்பே சிரித்தது. நான் தறிக்காரன் மகன். எனக்கு முட்டையை ஆம்லெட்டாகத்தான் தெரியும். "ஏனுங்க சார், அறிவிக்கற விலைக்கு எந்த ஏவாரி முட்டை எடுக்கறாரு? மைனஸ் போட்டுத்தானுங்க எடுப்பாங்க" என்றாள் கவிதா. மைனஸ் என்றால் அறிவித்த விலையில் வியாபாரி பிடித்துக்கொள்ளும் குறைப்பாம்.

கடைசி பெஞ்சைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சமாளிக்கவும் தெரியாததால் உண்மையைச் சொன்னேன்: நான் சொன்னது தப்பு, மத்திய வங்கி வட்டியைக் குறைத்தாலும் வங்கிகள் அதை மெதுவாகத்தான் மக்களுக்குத் தரும், சில சமயம் முழுசாகவும் தராது. வழக்கமாகத் தூங்குகிறவர்கள் உட்பட எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். கவிதாவுக்குத்தான் ஒரே சந்தோஷம். "அப்ப அங்கியும் மைனஸ்தானுங்களா சார்!"

நிரந்தரம்

வகுப்பு முடிந்ததும் உரிமையாளர் அறைக்குக் கூப்பிட்டார். "பாடம் நல்லா இருந்துதுங்க. உங்கள நிரந்தரம் பண்ணியாச்சு" என்றார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் தொடர்ந்தார்: "சம்பளம் முன்னாடி அறிவிச்சதேதானுங்க, கைக்கு வரப்ப மட்டும் கொஞ்சம் மைனஸ் இருக்கும்."

அன்றைய பாடத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் ஒருவர்தான் என்பதை, ஒரு வாத்தியாராக நான் பெருமையோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.