வாசலுக்குச் செவ்வந்தி கட்டிய நாள்

செவ்வந்திப் பூ இனிக்க மணக்காது. தண்டை முறித்த கையில் ஒரு கசப்பு மணம் ஒட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகமாட்டேன் என்று நிற்கும். அந்தக் கசப்போடு சாம்பிராணிப் புகையும், மழை ஊறிய பழங்கல்லின் ஈரவாடையும், மேல்மாடியில் யாரோ வதக்கும் உள்ளியின் வாசனையும் சேர்ந்தால், அதுதான் எனக்கு இத்தாலியின் பலெர்மோ நகரத்து நத்தார். மற்றவர்களுக்கு நத்தார் என்றதும் சோடித்த கிறிஸ்மஸ் மரமும் தோடம்பழமும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு செத்தவீடு ஞாபகம் வரும். அதுவும் ஒருவரும் சாகாத செத்தவீடு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடம். அதன் பெரிய தெருக்கதவைத் திறந்தால் நீளமான இருட்டு நடை. நடையோரத்தில், முந்தி வாசல்காவலாளி இருந்து, அவர் போனபின் வெறுமனே கிடந்த ஒற்றை அறை. அதற்குள்தான் அப்பாவும் அம்மாவும் நானும் இருந்தோம். கட்டில், அடுப்பு, சாமிப்படம் எல்லாம் ஒரே சுவரோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அம்மா மிளகாய் தாளிக்கிற நேரங்களில் படத்துக்குள்ளிருந்த முருகன் தும்மாமல் இருந்ததே பெரிய காரியம். அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் சட்டி கழுவினார். அம்மா கட்டடத்தின் படிகளைக் கூட்டித் துடைத்தார்.

அறை கட்டடத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு தை மாதமும் அவர்கள் கூட்டம் கூடி, இந்தத் தமிழரை இன்னும் ஒரு வருடம் இருக்கவிடுவதா எழுப்பிவிடுவதா என்று தீர்மானிப்பார்கள். எழுப்பிவிட்டால் போவதற்கு எங்களுக்கு வேறு இடமில்லை. முகவரி இல்லையென்றால் 'பெர்மெஸ்ஸோ' என்ற வதிவிட அனுமதியும் இல்லை. ஆகவே மார்கழி பிறந்தாலே அப்பா நாட்களை எண்ணத் தொடங்கிவிடுவார்.

எங்களைக் கிளப்புவதற்கு ஒற்றைக்காலில் நின்றவர் இரண்டாம் மாடி 'ரஜோனியேரே'. கணக்கெழுதும் உத்தியோகம் பார்த்தவர்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் அந்தப் பட்டத்தைக் கழற்றி வைக்கவில்லை. மகனின் ஸ்கூட்டரை மழையில் நனையாமல் விட அவருக்கு எங்கள் அறை வேண்டியிருந்தது. அவரை அடக்கக்கூடிய ஒரே ஆள் மூன்றாம் மாடி 'சிஞ்ஞோரா', அதாவது அம்மணி, கொன்செத்தா. கட்டடத்திலேயே வயதில் மூத்தவர், தனியாள், அவர் கைதூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள். ஆனால் அவர் எங்கள் பக்கம் என்று சொல்லமுடியாது. அவருக்கு எங்களைப் பிடிக்காது என்றும் சொல்லமுடியாது, ஏனென்றால் அவருக்கு ஒருவரையுமே பிடிக்காது. அவருடைய பூச்சாடித் தண்ணீர் ரஜோனியேரேயின் தோய்த்த சேர்ட்டுகளில் சொட்டியதிலிருந்து இரண்டு பேருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. (இந்தக் கட்டுரையில் எல்லா இத்தாலியரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். என் காதுக்குள் அவர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள், நான் என்ன செய்ய?)

பலெர்மோவில் மார்கழி (டிசம்பர்) எட்டாம் திகதி, அமலோற்பவ மாதா திருநாளன்றுதான் நத்தார்ச் சோடனை தொடங்கும். எங்கள் கட்டடத்தின் சோடனை, கதவில் கொழுவும் ஒரு மொட்டைப் பச்சை வளையமும் எரிந்தால் எரியும் ஒரு பல்பும்தான். அதைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"இஞ்சேரும், இந்த முறை வாசலை நாங்கள் சோடிப்பம். நாங்கள் இருக்கிறதாலை வாசலுக்கு ஒரு களை வந்திருக்கு எண்டு அவை காணவேணும். கண்டால் தை மாசம் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "அவையின்ரை பெருநாளுக்கு நாங்கள் போய்ச் சோடிச்சு, ஏதும் பிழைச்சுப்போனால்?"

"மாதாவுக்குச் சோடிச்சால் மாதா வேண்டாமெண்டே சொல்லப்போறா? சும்மா இரும்."

அடுத்த நாள் அப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார், இரண்டு கையிலும் அள்ளமுடியாத செவ்வந்தி. மஞ்சளும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் என் உள்ளங்கையளவு. சவக்காலை மதிலோரத்துப் பூக்கடையில் குவியலாகக் கிடந்ததாம். "ஆருக்கு?" என்று பூக்காரர் கேட்டாராம், அப்பா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் "முழு வீட்டுக்கும்" என்றாராம். பூக்காரர் நெஞ்சில் சிலுவை போட்டு, அப்பாவின் தோளைத் தடவி, இன்னும் இரண்டு கட்டு சும்மா கொடுத்தாராம். "எவ்வளவு பக்தியான சனம் பார்," என்று அப்பா உருகினார். ஊரில் செவ்வந்தி சாமிக்கு வைக்கிற பூ; அந்தப் பூவை ஒருவர் சும்மா கொடுத்தால் அது பக்தி இல்லாமல் வேறென்ன?

எட்டாம் திகதி காலை கட்டடம் முழுதும் பூசைக்குப் போய்விட்டது. சிஞ்ஞோரா கொன்செத்தா மட்டும் தடிமன், இருமல் என்று வீட்டில் நின்றுவிட்டார். அன்று அவருடைய பெயர்நாள். கொன்செத்தா என்பது அந்த மாதாவின் பெயர்தான்; தங்கள் பெயருக்குரிய திருநாளை அங்கே பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். நாங்கள் மூன்று பேரும் இறங்கி வேலை செய்தோம். கதவின் மேலே செவ்வந்தி மாலை, இரு பக்கமும் செவ்வந்திச் சரம். தென்னங்குருத்துக்கு எங்கே போவது? யாரோ வெட்டிப்போட்ட ஈச்சம்பனையின் இளம் ஓலையை அப்பா கொண்டுவந்து தோரணம் பின்னினார். தோரணத்தில் ஓலையை மடித்து நான்கு குருவி வைத்தால் நல்ல காரியத்துக்கு, மூன்று வைத்தால் செத்தவீட்டுக்கு என்பது ஊர் வழக்கம். ஓலை மெலிசு என்பதால் குருவிகள் எல்லாம் பட்டினி கிடந்த குருவிகளாக வந்தன. ஆனாலும் ஒவ்வொரு தோரணத்தையும் அம்மா தொட்டுத் தொட்டு எண்ணி, "நாலு, நாலு, இதுவும் நாலு" என்று உறுதிப்படுத்திய பிறகே கட்டவிட்டார். அமங்கலமாக ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

நடைக்குள் ஒரு மேசை, அதன்மேல் வெள்ளை விரிப்பு, அதன்மேல் நிறைகுடம். தேங்காய் பல்லரோச் சந்தையில் வாங்கியது. மாவிலைக்குப் பதில் தோடை இலை. குத்துவிளக்கு இல்லாததால் இரண்டு பக்கமும் உயரமான மெழுகுதிரி. பக்கத்தில் ஒரு கதிரை. சாம்பிராணி. காற்று வந்து மெழுகுதிரியை அணைத்ததால் தெருக்கதவின் ஒரு பாதியை அப்பா சாத்திவிட்டார். எட்ட நின்று பார்த்தோம். கலியாண வீடு தோற்றுப்போகும்.

முதலில் வந்தவர் ரஜோனியேரே. பாதி சாத்திய கதவைக் கண்டு நின்றார். பூவைக் கண்டார். தொப்பியைக் கழற்றினார். வெள்ளை விரிப்பையும் மெழுகுதிரியையும் கண்டதும் அவருடைய முகம் கோணிப்போயிற்று. அப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்.

"பாத்தீரே, மனிசனுக்கு நெஞ்சைத் தொட்டிட்டுது!" என்று அப்பா அவருடைய தோளுக்கு மேலால் அம்மாவிடம் சொன்னார்.

பிறகு சனம் வரத் தொடங்கிற்று. மேசைக்கு முன்னால் நின்று சிலுவை போட்டார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார். அவர்களும் தலையைக் குனிந்து வாங்கினார்கள். அப்பா கைகூப்பியபடி எல்லோருக்கும் "கிராத்சியே, கிராத்சியே" என்று நன்றி சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் துணியால் மூடிய பெரிய தட்டு நிறைய, அடுப்பில் வாட்டிய மக்கரோனி கொண்டுவந்து எங்கள் அறைக்குள் வைத்தார். பெருநாளுக்குப் பலகாரம் கொடுக்கிறார்கள் என்று அப்பா பூரித்துப்போனார்.

அதற்குள் ரஜோனியேரே, அன்று பூசையில் காணாத ஒரே ஆள் யாரென்று கணக்குப்போட்டு, நடு நடையில் நின்று சொற்பொழிவே தொடங்கிவிட்டார். "பெயர்நாளிலேயே மாதா கூப்பிட்டிட்டா! புனிதவதியெல்லோ அவ! அவவின்ரை சொல்லுக்கு நான் ஒருநாளும் மறுத்துக் கதைச்சதில்லை!" அது உண்மைதான். கதைத்தால்தானே மறுத்துக் கதைப்பதற்கு.

எதிர்வீட்டு அம்மாள் என் தலையைத் தடவி, "எத்தினை மணிக்குப் போனவ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஆர்?"

"கொன்செத்தா."

நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, சிஞ்ஞோரா கொன்செத்தா செத்துப்போனாவாம்!"

அங்கேதான் காரியம் முற்றாகக் கெட்டது. அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார், நெஞ்சில் அடித்தார், தொடங்கினார்: "ஐயோ என்ரை சிஞ்ஞோரா! நேற்றும் படி வடிவாய்க் கூட்டேல்லை எண்டு பேசினியளே! இனி என்னைப் பேச ஆர் இருக்கினம்!" சந்தேகப்பட்டுக்கொண்டு நின்ற ஒன்றிரண்டு பேருக்கும் அதோடு சந்தேகம் தீர்ந்தது. அப்பாவும் கண்கலங்கி, "பாவம், சோடனையைக் காணாமல் போட்டா," என்றார். "இப்பத்தானே மேலை இருமினவ!" என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தலையில் வலை, தோளில் கம்பளிப் போர்வை, கையில் மூக்குத் துடைக்கிற துண்டு. மெல்ல மெல்ல இறங்கி வந்து கடைசிப் படியில் நின்று கேட்டார்.

"ஆர் செத்தது?"

எதிர்வீட்டு அம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டார். சிஞ்ஞோரா பூவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போய் ரஜோனியேரேயில் கண்ணை நிறுத்தினார்.

"படியாலை எல்லாம் கேட்டுது. நடுவிலை இருமிப்போட்டன். அந்தப் புனிதவதி எண்ட இடத்திலையிருந்து இன்னொருக்காச் சொல்லும்."

பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, இத்தாலியில் செவ்வந்தி கல்லறைக்கு மட்டுமே வைக்கிற பூ என்றும், கதவின் பாதியைச் சாத்தினால் அந்த வீட்டில் சாவு என்றும், வாசலில் வெள்ளை விரித்த மேசை துக்கம் கேட்க வருபவர்களுக்கு என்றும் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பாவின் முகத்தில் இரத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. அறை போயிற்று என்று அந்த இடத்திலேயே அவர் முடிவுகட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கடை ஊரிலை இது சாமிக்கு வைக்கிற பூ எண்டு சொல்லு பிள்ளை," என்றார். சொன்னேன்.

சிஞ்ஞோரா துண்டால் மூக்கைத் துடைத்தார். "சரியாய்த்தான் கட்டியிருக்கிறியள். இவை என்னைச் சாமியாக்கிப்போட்டினமே!" என்றார். சிரித்தார், சிரிப்பு இருமலாகிப் பிறகும் சிரிப்பாயிற்று. அவர் சிரித்து நாங்கள் அதுவரை கண்டதில்லை. கதிரையில் ஏறி அமர்ந்து, அந்த மக்கரோனித் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, "என்ரை செத்தவீட்டுச் சாப்பாடு, நான்தானே முதல் சாப்பிடவேணும்," என்றார். நத்தார் முடியும்வரை ஒரு பூவும் கழற்றக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

தை மாதக் கூட்டம் எங்கள் நடையில்தான் நடந்தது. நாங்கள் அறைக்கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். சிஞ்ஞோரா சொன்னார்: "தமிழர் இருக்கட்டும். இது என்ரை சொல். என்ரை சொல்லுக்கு மறுத்துக் கதைக்கிறேல்லை எண்டு தெரு கேக்கச் சொன்ன ஒரு மனிசன் இஞ்சை இருக்கிறார்." ரஜோனியேரேயின் மகனின் ஸ்கூட்டர் அந்தக் குளிர்காலமும் மழையில் நனைந்தது. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எட்டாம் திகதியும் செவ்வந்திதான். சிஞ்ஞோராவின் கட்டளை. புதிதாகக் கண்டவர்கள் திடுக்கிடுவார்கள். தெருச் சனம் சிரித்து, "பயப்பிடாதேங்கோ, தமிழற்றை நத்தார்," என்று விளங்கப்படுத்தும். ரஜோனியேரே கதவடியில் நின்று மேலே பார்த்து, "கொன்செத்தா, இறங்கி வாரும், உம்மடை செத்தவீடு தொடங்கிட்டுது!" என்று கூவுவார். அவரும் இருமிக்கொண்டு இறங்கி வருவார். பூச்சாடித் தண்ணீர் இன்னமும் சேர்ட்டில் சொட்டியது. ஆனால் இப்போது அதைப் பற்றிச் சத்தம்போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற காலத்தில், ஒரு மார்கழியில், திருநாளுக்கு இரண்டொரு நாள் முன்னதாக, சிஞ்ஞோரா உண்மையாகவே செத்துப்போனார். அப்பா செவ்வந்தி வாங்கி வந்தார். இந்த முறை ஊர் வழக்கப்படி மூன்று குருவி வைத்துத் தோரணம் பின்னினார். குருவிகள் இன்னும் மெலிந்துபோயின. கதவின் பாதியைச் சாத்தினோம். மேசை வைத்தோம். தெருவால் போனவர்கள் பூவைப் பார்த்துச் சிரித்து, "இந்த முறை வெள்ளெனவே தொடங்கிட்டியள்!" என்று நத்தார் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஓடிப்போய், "இல்லை, இந்த முறை உண்மையாய்," என்று சொல்லவேண்டியிருந்தது.

மகள் வீட்டுக்குப் போயிருந்த ரஜோனியேரே மத்தியானம்தான் வந்தார். கதவடியில் நின்று மேலே பார்த்து, "கொன்செத்தா, இறங்கி வாரும்!" என்று கூவினார். பதில் இல்லாததால் இன்னொருமுறை கூவினார். பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தவர், பின்னேரம்வரை எழும்பவில்லை.

இப்போது அந்தத் தெருக்கதவுக்கு இலக்கம் அமத்தித் திறக்கிற பூட்டு. எங்கள் அறையில் உல்லாசப் பயணிகள் சில்லுப் பெட்டிகளோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறார்கள். கதவில் பிளாஸ்திக் வளையம். தோரணத்துக்கு ஓலை தந்த ஈச்சம்பனைகளைச் சிவப்பு வண்டு தின்று தீர்த்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊரான பகேரியாவில் சொந்த வாசலுள்ள ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். எட்டாம் திகதி அப்பா இன்னும் செவ்வந்தி கட்டுகிறார். அயலுக்குப் புதிதாக வந்தவர்கள் பதறிப்போய் மக்கரோனி கொண்டுவருகிறார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்வதில்லை. போன மார்கழியும் நான் போய்ப் பூத் தொடுத்துக் கொடுத்தேன். எல்லாம் முன்போலவே வடிவாகத்தான் இருந்தது. இருமிக்கொண்டு படியிறங்கி வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.