அண்ணியின் வம்சமும் விட்டுப்போன உயிரியலும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும், ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒட்டுகிறாள், ஒரு சீட்டு மாறியதில்லை. மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நன்றாக இருக்கிற மனுஷன் சர்க்கரை நோயாளி ஆவான், சர்க்கரைக்காரன் வீட்டுக்குப் போய் இனிப்பு தின்பான். அவளை டெக்னீஷியன் பயிற்சிக்கு அனுப்பப் பெரிய டாக்டருக்கு ஆசைதான். ஆனால் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டுமே. அதில் அவளுக்கு ஒரே ஒரு பாடம் நிற்கிறது, உயிரியல்.

படிக்காமல் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். உயிரியல் பரீட்சை அன்றைக்குத்தான் அவளுக்குக் கல்யாணம். தேதி குறித்தவர் மாப்பிள்ளையின் அக்கா, அவளுக்கு அண்ணி முறை. அண்ணியின் வீட்டுக்காரருக்கு அந்த வாரம்தான் லீவு கிடைத்ததாம். "பரீட்சை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார் அண்ணி. அடுத்த வருஷம் மகன் பிறந்தான். அத்தோடு பரீட்சை பேச்சு போயிற்று.

இந்த அண்ணிக்கு வம்சத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. குழந்தை சீக்கிரம் நடந்தால் "எங்கப்பா மாதிரி." நன்றாகப் படம் வரைந்தால் "எங்க சித்தப்பா கை." சளி பிடித்தால் மட்டும் அம்மா பக்கம். சைக்கிளிலிருந்து விழுந்தாலும் அம்மா பக்கம். சைக்கிளிலிருந்து விழக்கூட ஒரு வம்சம் வேண்டுமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் மகன் உயிரியலில் இருபத்தெட்டு வாங்கினான். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். சேதி கேட்டதும் அண்ணி வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம பக்கத்துல ஃபெயில்ங்கற பேச்சே கிடையாது. அந்தப் பாடத்துல அவளே பாஸ் பண்ணல, புள்ளைக்கு எங்கேருந்து வரும்?"

தம்பியிடம்தான் சொன்னார். ஆனால் அவள் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். கணவன் பேப்பரைப் புரட்டினான். அக்கா பேச ஆரம்பித்தால் அவனுக்குப் பேப்பரில் முக்கியமான செய்தி வந்துவிடும். அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மறுநாள் துணைத்தேர்வுக்கு ஒரு விண்ணப்பம் வாங்கப் போனவள் இரண்டு வாங்கி வந்தாள். தனித்தேர்வராக அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம் என்று விதி இருந்தது. மகனிடமும் பெரிய டாக்டரிடமும் மட்டும் சொன்னாள்.

"அம்மா, பசங்க சிரிப்பாங்கம்மா."

"உன் மார்க்கைப் பாத்து சிரிச்சே அவங்களுக்கு வாய் வலிச்சிருக்கும். என்னைப் பாத்து சிரிக்கத் தெம்பு ஏது?"

ஆறு வாரம் இருந்தது. இரண்டு பேரும் பாஸாக வேண்டும், வேறு வழியில்லை. அவன் மறுபடி கவிழ்ந்தால் ஒரு வருஷம் வீண். அவள் கவிழ்ந்தால் ஓய்வு பெறும் வரை டோக்கன்தான், அண்ணி சொன்னதும் சட்டமாகிவிடும்.

மூலக்கூறு மரபியலுக்கு மட்டும் பதினெட்டு மார்க். சாப்பாட்டு மேஜையில் சாயங்காலம் அம்மாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகன் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினான். "டி.என்.ஏவின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்துள்ளன."

"எதுக்குடா எதிரெதிரா இருக்கு?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"சரி, கோடான்னா என்ன?"

"மூணு மார்க்."

அவள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த லட்சணத்தில் இவனுக்கு இருபத்தெட்டு போட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். புரியாததை டாக்டரிடம் கேட்டாள். அவர் ஒரு நாள் நுண்ணோக்கியில் ஒரு ரத்தத் துளியைக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன. ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை என்றார். அவளுக்குச் சுரீர் என்றது. அன்றைக்குச் சாயங்காலம் மகனை உட்கார வைத்தாள்.

"மூணு மூணு எழுத்தா படிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலம்னு வரிசையா கோத்துகிட்டே போகும். அந்த மூணுதான் கோடான். அதுல ஒரே ஒரு எழுத்து மாறினதால வேற அமினோ அமிலம் வந்து உக்காந்துடுச்சு, ரத்த அணுவே வளைஞ்சு போச்சு. நான் ஒட்டுற சீட்டுல பேரு மாறினா மருந்து வேற ஆளுக்குப் போகும்ல? அந்த மாதிரிதான்."

மகன் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பாடம் கேட்டான்.

"அப்ப இந்தக் கோர்க்கறது எங்க நிக்கும்?"

"நிறுத்தக் கோடான்னு மூணு இருக்கு. அதுல ஒண்ணு வந்தா நின்னுடும்."

"அத்தை பேசறப்ப ஒண்ணுகூட வராதா?"

"வாயை மூடிட்டுப் படிடா" என்றாள். சொல்லிவிட்டு அவளே அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

மூளை அப்பா பக்கத்திலிருந்துதான் வரும் என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று புத்தகம் முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு வரி இல்லை. குரோமோசோம்களில் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து என்றுதான் இருந்தது. போதாததற்கு மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வருமாம். அந்த வரியை மூன்று தரம் படித்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைப்பானேன்?

பரீட்சை அன்றைக்கு வாசலில் கண்காணிப்பாளர் மறித்தார். "பெத்தவங்க எல்லாம் வெளிய நில்லுங்கம்மா." அவள் நுழைவுச் சீட்டை நீட்டினாள். அவர் சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். மகனுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் அவளுக்கு இடம். எழுத ஆரம்பித்த பிறகு நிமிரவே இல்லை.

முடிவு வருகிற நாளில் அண்ணி காலையிலேயே ஆஜர். கணவன் செல்போனில் மகனின் எண்ணைப் போட்டான்.

"பாஸ்" என்றான்.

"பாத்தியா? எங்கப்பா ரத்தம் விட்டுக்கொடுக்குமா?" என்றார் அண்ணி. "மார்க் எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"போதும் போதும். பாஸ்னா பாஸ்தான்."

மகன் ஒரு சீட்டை அப்பாவிடம் கொடுத்தான். "இந்த நம்பரையும் போடுங்கப்பா." கணவன் போட்டான். திரையில் வந்த பெயரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"எண்பத்தேழு" என்றான். "இவதான்க்கா. இவளும் எழுதியிருக்கா."

அண்ணி செல்போனை வாங்கிப் பெயரைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு, "அப்ப பையனுக்கு ஏன் வெறும் முப்பத்தாறு? அவன் யாரைக் கொண்டிருக்கான்?" என்று விட்ட இடத்திலிருந்தே பிடித்தார்.

கணவன் அன்றைக்குப் பேப்பரை எடுக்கவில்லை. "என்னைத்தான்க்கா. நானும் இதே பாடத்த ரெண்டாவது தடவ எழுதித்தானே முப்பத்தாறு வாங்கினேன். கல்யாணம் பேசறப்ப நீதானே வெளிய சொல்லாதேன்ன."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான் மனுஷன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, இன்றைக்காவது வாயைத் திறந்தானே என்றும் இருந்தது.

அண்ணி புடவையைச் சரிசெய்துகொண்டார். "மூளையெல்லாம் வம்சத்துல வர்றதில்லப்பா. எல்லாம் அவங்கவங்க உழைப்புதான்."

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க அண்ணி" என்றாள் அவள், சிரிக்காமல்.

மகன் நிஜமாகவே பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தான். அண்ணிக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது.