அவுட்டர் சிக்னலின் பச்சை பல்பு

ஏலக்காய் மூட்டை அடுக்கிய பின்னறை முழுக்க இப்போது என் கணவரின் குட்டி ரயில் ஓடுகிறது. பலகை மேல் தண்டவாளம், அட்டையில் மலை, மிளகளவு பல்பு வைத்த சிக்னல் கம்பங்கள். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும்.

இன்று சாயங்காலம் பாப்பா அங்கிருந்து தத்தித் தத்தி வந்தாள். கையில் ஒரு சிக்னல் கம்பம். அதில் பச்சை பல்பைக் காணோம்.

வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் சிரிக்கிறாள், நான் கத்துகிறேன்.

"என்னங்க, பாப்பா பல்பை முழுங்கிட்டா போல. வெரசா ஜீப்பை எடுங்க."

ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த சிக்னல்? அவுட்டரா, ஸ்டேஷன்கிட்ட உள்ளதா?"

"ஆஸ்பத்திரியில கேப்பாங்க, அங்க சொல்லிக்கலாம்" என்றேன்.

செருப்பு மாட்டும்போது, முன்னறையில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த என் மாமியார் கூப்பிட்டார்.

"ஆத்தா, நில்லு. முறத்துல பச்சையா ஒண்ணு கெடக்கு. பிஞ்சுக்காய்னு நசுக்கிப் பாத்தேன், நசுங்கல."

வரும் வழியில் பாப்பா அதில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பல்பைத் துடைத்து, கம்பியில் பற்றவைத்து, எரியவிட்டுப் பார்த்தார். "அவுட்டர்தான்" என்றார், நிம்மதியாக.

அறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். வாசலில் ஒரு சிக்னல் வைக்கிறாராம். சிவப்பு எரிந்தால் பாப்பா உள்ளே வரக் கூடாதாம்.

அவளுக்கு ஒன்றேகால் வயது. இவரை நிறுத்த எந்த விளக்கைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.