சப்போர்ட் வண்டியில் ஏறிய மென்பொருள்

திருச்செங்கோட்டிலிருந்து சத்தீஸ்கர் வரை போர்வெல் போடக் கிளம்பும் ரிக் லாரி தனியாகப் போவதில்லை. பின்னாலேயே சப்போர்ட் வண்டி ஒன்று போகும். பைப், பாறையைத் துளைக்கும் பிட், வெல்டிங் செட், டீசல் பேரல், அரிசி மூட்டை, சமையல்காரர், அவருடைய அம்மிக்கல் எல்லாம் அதில்தான். சத்தீஸ்கரில் அம்மிக்கல் கிடைக்காதா என்று கேட்டால், "கெடைக்கும். கெடைக்கலீன்னா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

என் தங்கை தனப்பிரியா திருச்செங்கோட்டில்தான், ஒரு வாடகை மாடியறையில் உட்கார்ந்து, லினக்ஸுக்கு மென்பொருள் எழுதுகிறாள். நான் ஜெர்மனியில் உட்கார்ந்து அவளைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

அவளுக்கு நாமக்கல்லில் விடுதிப் பள்ளி, கோவையில் பொறியியல், பிறகு பெங்களூரில் வேலை. அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை, நானும்தான். ரிக் கேம்ப்களில் கிடந்த பழைய லேப்டாப்கள் வைரஸ் பிடித்துப் படுத்திருந்தன. விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டாள். அதில் ஓட 'ஆழம்' என்றொரு மென்பொருளையும் எழுதினாள். எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர், எந்த பிட் எவ்வளவு தேய்ந்தது என்று கேம்ப் மேனேஜர் பதிந்து வைப்பார்.

முதலில் வாங்கியவர் அங்கமுத்து. பல ரிக்குகளுக்கு முதலாளி. அவர் வைத்துக்கொண்டால் மற்றவர்களும் வாங்குவார்கள். அவர் கழற்றிப் போட்டால் கதை முடிந்தது.

போன வருஷம் மார்கழியில் அவரிடமிருந்து போன்.

"அம்மிணி, லினக்ஸோட வாங்குன புது லேப்டாப்புல உன்ற ஆழம் தொறக்கவே மாட்டேங்குதாமா. ராசுகிட்ட பேசு."

ராசு சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் கேம்ப் மேனேஜர். "ஏனுங்கக்கா, பழைய லேப்டாப்புல இருந்து பென் டிரைவுல எடுத்துட்டுத்தானுங்க வந்தேன்" என்றார். எடுத்து வந்தது திரையிலிருந்த நீர்த்துளிப் படத்தை மட்டும். அது மென்பொருளைத் திறக்கும் பொத்தான். மென்பொருள் பழைய லேப்டாப்பிலேயே இருந்தது.

நானும் இருக்கும் லினக்ஸ் நண்பர்கள் குழுவில் தனா இதைச் சொன்னாள். ஒருவர் எழுதினார்: "கதவு நம்பர் பலகையைக் கழட்டிட்டு வந்து, ஊட்டைக் காணோம்னு தேடறாரு." ஆளாளுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தனா சிரிக்கவில்லை. "அவர் செஞ்சது சரிதான். ஒரு ஜாமானைக் கொண்டுபோகணும்னா தூக்கி வண்டியில போடுவாங்க. தூக்குனா முழுசா வராத ஜாமானை நான்தான் செஞ்சிருக்கேன்."

அதுவரை ஆழம், லினக்ஸில் வழக்கமான முறையில் இருந்தது. அதற்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பல மென்பொருள்கள் பொதுவில் வைத்துக்கொள்ளும் துணைக் கோப்புகளை, கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். இல்லாததை நெட்டிலிருந்து இறக்கும். காட்டில் நெட் ஏது? அதனால் எல்லாவற்றையும் உள்ளேயே அடைத்து, ஒரே கோப்பாக, ஆப்இமேஜ் முறையில் தருவதென்று முடிவெடுத்தாள்.

குழு இரண்டுபட்டது. குழுவை நடத்தும் அறிவுமதி சார் சேலத்தில் கல்லூரி ஆசிரியர். "ஏம்மா, ஒவ்வொருத்தரும் தனித்தனியா லைப்ரரி சுமந்தா, ஒண்ணுல வைரஸ் நுழையற ஓட்டை விழுந்தா யாரு போய் அத்தனையும் அடைக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அதே பயம். நாளைக்கு ஏதாவது ஆனால் இவள் பெயர்தானே கெடும்? "ஃபிளாட்பேக்னு இன்னொரு முறை இருக்குதே, அதுல போடு தனா. பூட்டுப் போட்ட தனி ரூம் மாதிரி, பத்திரம்" என்றேன்.

"அந்த ரூம் கட்டற செங்கல்லை நெட்டுலதாண்ணா இறக்கணும்."

"பென் டிரைவுலயும் கொண்டுபோகலாம், வழி இருக்குது."

"சரி, ராசுவுக்கு நீயே போன்ல சொல்லிக்குடு."

ஆனால் சாரின் கேள்வியை அவள் தள்ளிவிடவில்லை. ஆழம் நெட் பக்கமே போகாதபடி செய்தாள். லைப்ரரிகளில் திருத்தம் வரும்போதெல்லாம் புதுக் கோப்பு கட்டி அடுத்த வண்டியில் அனுப்புவதாகச் சாருக்கு எழுதிக் கொடுத்தாள்.

அங்கமுத்து கெடு வைத்தார். "பொங்கல் முடிஞ்சு சப்போர்ட் வண்டி கெளம்புது அம்மிணி. அதுலயும் ஓடலீன்னா நான் விண்டோஸையே போட்டுக்கறேன். கோவிச்சுக்காத."

கேம்ப்களில் இருப்பதிலேயே பழைய லினக்ஸில் வைத்து அந்தக் கோப்பைக் கட்டினாள். பழையதில் கட்டினால் புதியதில் ஓடும், புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. ஆனாலும் முதல் சோதனையிலேயே கவிழ்ந்தது. பென் டிரைவில் ஏறி இறங்கியதும், அந்தக் கோப்பை இயக்கலாம் என்கிற அனுமதி உதிர்ந்துபோயிற்று.

"ரைட் கிளிக் பண்ணி அனுமதி குடுக்கச் சொல்லேன். சின்ன வேலைதானே?" என்றேன்.

"சின்ன வேலைதான். ஆனா தூக்குனா வரணும்னு சொல்லியிருக்கேனே."

கடைசியில் பென் டிரைவையே லினக்ஸ் முறைக்கு ஃபார்மேட் செய்தாள். அனுமதி ஒட்டிக்கொண்டது. வண்டி கிளம்பியது.

பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தினமும் ஊருக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னது: "ஏஞ்சாமி, இங்க என்ன கண்ணாலமா நடக்குது, தெனமும் கூப்பிடற? அவ தூங்கறா, நீ தூங்கு."

ராசு கூப்பிட்டபோது தனா என்னையும் இணைப்பில் சேர்த்தாள்.

"அக்கா, தொறந்துருச்சுங்க. அக்கட்ட இருக்கற ரிக்குல ஒரு ஓட்டை லேப்டாப் கெடக்குதுங்கல்ல, நீங்க ரொம்ப நாளைக்கு முந்தி லினக்ஸ் போட்டுக் குடுத்தது? அதுலயும் நானே போட்டுட்டேனுங்க."

"எப்படிப் போட்டீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. எடுத்துப் போட்டேன், தொறந்துச்சு."

நான் மைக்கை அணைத்துவிட்டு ஆபீஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் தங்கை அவள்!

ராசு சொன்ன அந்த வாக்கியத்தை அவள் அப்படியே குழுவில் போட்டாள். கதவு நம்பர் பலகைக்காரர் ஒரு கும்பிடு மட்டும் போட்டார். அறிவுமதி சார், "நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா அடுத்த பதிப்பை எங்கிட்ட குடு, ஓட்டை இருக்குதான்னு நான் பாத்துத் தர்றேன்" என்றார். விவாதம் இன்றுவரை நடக்கிறது.

அங்கமுத்துவிடம் இது எதுவும் போகவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பென் டிரைவ் தொலைஞ்சா?"

"இன்னொண்ணு தர்றனுங்க."

"ரெண்டாக் குடு அம்மிணி. பிட்டோட ஒண்ணு, அரிசி மூட்டையோட ஒண்ணு. இனிமே எல்லா வண்டியிலயும் போகட்டும்."