தம்பியின் தூண்டில் முள்

சிறுவயதில் என் தம்பி சபேசனின் தூண்டில் முள்ளை நான் அரத்தால் ராவினேன். மீன் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்முள்ளை மட்டும், யாருக்கும் தெரியாமல்.

இரண்டு மாதம் முன்பு தஞ்சாவூர்க் கடையில், பேரனுக்கு விரால் பிடிக்க ரப்பர் தவளை தேடியபோது, கடைக்காரர் அப்படிப்பட்ட முள்ளையே எடுத்து நீட்டினார்.

"இதுல எதிர்முள்ளு கிடையாது சார். புடிச்ச மீனைக் காயமில்லாம திரும்ப விட்டுடலாம்."

தடவிப் பார்த்தேன். அதே வழவழப்பு.

எங்கள் வாய்க்காலில் தம்பிக்குத்தான் பெரிய விரால்கள் விழும். எந்தத் தவளையைக் கோக்க வேண்டும், அல்லி இலைகளுக்கு நடுவே அதை எங்கே தத்த விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எனக்குப் பொறுக்கவில்லை. நான் ராவிய பிறகு அவனுடைய மீன்கள் கரைக்கு வருமுன் நழுவின. குடையும் வெற்றிலை வாயுமாகப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பா, "இவனுக்குக் கைராசி இல்லடா" என்றார். அதன்பின் நாற்றங்காலில் முதல் பிடி விதையைத் தூவ அவனை விட்டதே இல்லை. அப்பா காலமான பிறகும் என் கைதான் தூவியது.

கடையிலிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போய், அந்த முள்ளை அவன் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

குறுவைக்கு விதை விட்ட அன்று, "முதல் பிடி நீ போடுடா" என்று கூடையை நீட்டினேன். முளைகட்டிய நெல்லை அள்ளி, விரலால் நெருடிப் பார்த்தான்.

"இதையும் ராவி வச்சிருக்கியாண்ணே?"

பிறகு தூவினான். விதை தூவிப் பழகாத கை என்பதால் அந்த மூலையில் மட்டும் நாற்று ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் சொட்டையாகவும் வந்திருக்கிறது. தினமும் காலையில் வந்து அதைத்தான் பார்த்துவிட்டுப் போகிறான்.