சும்மா சோறு

பத்து வயதில் குழந்தைகள் இல்லத்திலிருந்து என்னை வளர்ப்பதற்கு ஒரு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கணவன், மனைவி இருவரும் விருதுநகர்ப் பக்கம். ஓசூரில் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. என்னைவிட ஒரு வயது சிறிய மகன் இருந்தான். தொரப்பள்ளி போகும் சாலையில் வாடகை வீடு. வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார்; அங்கே கொட்டகை போட்டு மாடுகள் வைத்திருந்தார்.

"உன்ன வெச்சிக் காப்பாத்துறாங்களே, எவ்ளோ புண்ணியம்!" என்று தெருவே கேட்கும்படி சொல்லி என் தலையைத் தடவுவார். அந்தக் கையைத் தட்டிவிட இன்றும் தோன்றுகிறது.

ஒருநாள் பள்ளிவிட்டு வந்த என்னைக் கூப்பிட்டார். "சும்மாவே சோறு துன்னுவியா? வந்து கொட்டாயில சாணி அள்ளு. உங்க வீட்ல சொல்லிக்கினு இருக்காத." தம்பியை மட்டும் உள்ளே அழைத்து டிவி போட்டுவிட்டார். அதிலிருந்து தினமும் அதுவே வேலையானது. மாட்டேனென்றால் இல்லத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன்.

ஒருநாள் கம்பெனியில் மெஷின் பழுதாகி, ஆன்ட்டி சீக்கிரம் வந்துவிட்டார். என்னை அழைத்து வந்து வளர்த்தவரை அப்போது அப்படித்தான் கூப்பிடுவேன். கொட்டகைக்குள் வந்து என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"யாரக் கேட்டு எங்க பிள்ளைய வேலைக்கு வச்சீங்க?"

"இதுக்குப் போயி ஏம்மா எகிர்ற? நீ பெத்ததா அது?"

"எம் மகன் உள்ள உக்காந்து டிவி பாக்கான். எம் மக சாணி அள்ளணுமோ?"

அதே வேகத்தில் என் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"திருப்பி அனுப்பிருவீங்கன்னு…"

அவருடைய கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. சாணிக் கையோடு நின்ற என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். கம்பெனிச் சீருடை முழுக்கக் கறை.

அன்று மாலையே அவர் கணவர் வேறு வீடு தேடக் கிளம்பிவிட்டார். தேன்கனிக்கோட்டை சாலையில் கிடைத்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. கோடையில் உள்ளே இருக்க முடியாது. ஃபேனுக்கு நேராக யார் படுப்பதென்று எனக்கும் தம்பிக்கும் சண்டை. "அம்மா, இவனப் பாருங்கம்மா!" என்று முதல் தடவையாகக் கத்தினேன். அம்மா வந்து இரண்டு பேர் முதுகிலும் ஒன்று வைத்தார்.

"அந்தம்மா நல்ல மனுஷிதான், ஏதோ தெரியாம செஞ்சிட்டாங்க" என்று பழைய தெருக்காரர்கள் பிறகு சமாதானம் பேசினார்கள். என்ன தெரியாமல்? நான் கூடை தூக்கிப் போவதை அவர்கள் எல்லோரும் தினமும் வாசலில் நின்று பார்த்தவர்கள். ஒருவர்கூட அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவையாவது ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, இவர்களை மாட்டேன்.