ஏறியும் மைனஸ்

அந்த கிராஃப் தாளில் கோடு இடது மேல்மூலையில் தொடங்கி வலப்பக்கமாக இறங்கிக் கிடந்தது. யார் பார்த்தாலும் இறக்கம் என்றுதான் சொல்வார்கள். நங்கையா, அதாவது என் கணவரின் அக்கா, அதன் மேல் பென்சிலை வைத்து, சாய்வு இரண்டு என்றார். மைனஸ் இரண்டு என்று திருத்தினேன். பாவம், இவளுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்.

நங்கையாவின் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். அவர் கணவர் அந்த மலைக்கு அரசு பஸ் ஓட்டியவர். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாரிசு வேலைக்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட நங்கையா தனித்தேர்வு எழுதி, மற்றதெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் கோட்டை விட்டார். வீட்டு மருமகள்களில் பிளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள். ஞாயிறுதோறும் புதுச்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன்.

சாய்வு என்றால் உயரம் எவ்வளவு மாறியது, அதைப் பக்கவாட்டில் நகர்ந்த தூரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வகுத்தல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் விடை பிளஸ்ஸில்தான் வரும். ஏன் எப்போதும் கீழ்ப்புள்ளியிலிருந்தே தொடங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"மலையில ரெண்டு வண்டி எதுத்தாப்புல வந்தா, எறங்குறதுதான் நின்னு வழி உடோணும். ஏறுறதுக்குத்தான் மொதல் வழி சாமி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, கீழிருந்தே போவோம் என்று அவர் வழிக்கே போனேன். மேலே நான்கு கட்டம் ஏறினோம், அது பிளஸ் நான்கு. ஆனால் இடப்பக்கமாக இரண்டு கட்டம் நகர்ந்திருக்கிறோம், அது மைனஸ் இரண்டு. வகுத்தால் மைனஸ் இரண்டு. எந்த முனையிலிருந்து போனாலும் விடை மாறாது என்று வெற்றியோடு நிமிர்ந்தேன். நங்கையாவின் முகம் வாடிவிட்டது.

"ஏறியும் மைனஸா?" என்றார்.

பிறகு தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கோடு இடமிருந்து வலமாக அழகாக ஏறியது. இதில் எது நிஜம் என்று கேட்டார். பின்பக்கம் பார்த்தால் வலமும் இடமும் மாறிவிடும் என்றேன். விடைத்தாள் திருத்துபவர் முன்பக்கம் மட்டும்தான் பார்ப்பார் என்று சமாளித்தேன்.

அடுத்த தேர்வில் தேறிவிட்டார். இப்போது பஸ் டெப்போ ஆபீஸில் உதவியாளர். போன வாரம் வீட்டுக்கு வந்தவரிடம், அந்தச் சாய்வுக் கணக்கு தேர்வில் வந்ததா என்று ஏதோ ஞாபகத்தில் கேட்டேன். இத்தனை நாள் கேட்கத் தோன்றாதது எனக்கே வியப்புதான்.

"வந்துச்சு. மார்க்குக்காவ மைனஸ்னு போட்டேன்" என்றார். "அவரு போனதுக்கப்பறம் நான் ஏறுனது எனக்குத்தானே சாமி தெரியும்."